முறை சொல்லிக் கூப்பிட்ட பிறகு

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். ஆனால் வருவது முதல் இரண்டு வசனங்கள் மட்டும்தான். முதிர்வயதுள்ளவனைத் தகப்பனைப்போலவும், பாலிய புருஷரைச் சகோதரரைப்போலவும், முதிர்வயதுள்ள ஸ்திரீகளைத் தாய்களைப்போலவும், பாலிய ஸ்திரீகளைச் சகோதரிகளைப்போலவும் பாவித்துப் புத்திசொல்லு என்கிறார் பவுல். வாலிபர் கூட்டமாக இருந்தால் இதை வைத்துப் பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பதைப் பற்றி இரண்டு கதை சொல்லி, ஜெபித்து முடித்துவிடுவார்கள். எனக்கு நெடுநாளாக இதில் ஓர் ஆதங்கம் உண்டு. அந்த இடத்தில் வேதாகமத்தை மூடக் கூடாது. மூன்றாம் வசனம் தொடங்கிப் பதினாறாம் வசனம் வரை பவுல் விடாமல் பேசுவது ஒரே விஷயத்தைத்தான்: ஆதரவில்லாத விதவைக்குச் சோறு போடுவது யார்?

பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் அவர்கள் பார்க்க வேண்டும். யாருமே இல்லாதவளைச் சபை பார்க்க வேண்டும். சபையின் பட்டியலில் சேர்க்க 60 வயதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வீட்டில் விதவையை வைத்திருப்பவர்கள் அந்தப் பாரத்தைச் சபையின் தலையில் ஏற்றக் கூடாது. நடுவில் எட்டாம் வசனம் இடிபோல விழுகிறது: "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்." இளம் விதவைகளைப் பற்றி அவர் அங்கே சொல்வது எனக்கு இன்றும் கடினமாகவே இருக்கிறது, அது தனியாகப் பேச வேண்டியது. நான் பார்ப்பது அதிகாரம் போகும் வழியை. அப்பா என்று நினை, அம்மா என்று நினை என்று தொடங்குகிறவர், மூச்சு விடாமல் அரிசிப் பானைக்குப் போய்விடுகிறார்.

இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார்.

நாங்கள் இருப்பது பாறசாலைப் பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளப் பக்கம். நான் பிறந்தது இந்தப் புறம், தமிழ்நாட்டு மார்த்தாண்டத்துப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தவள். 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே திருவிதாங்கூர். அன்றைக்கு மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு தாலுகா அக்கம்பக்கத்துத் தாலுகாக்களோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரைப் பக்கம் கேரளத்தில் நின்றது. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும் 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியாகப் பிரிந்தது. சொந்தபந்தம் மட்டும் பிரியவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரண்டு பக்கமும் பஸ் ஏறிப் போகிறோம். வீட்டில் தமிழ் வேதாகமம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மலையாளம். போதகரை என் பிறந்த ஊர்ப் பெரியவர்கள் ஐயர் என்பார்கள், இங்கே அச்சன். அண்ணன் இரண்டு பக்கமும் அண்ணன்தான். ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாலும் இரண்டு பக்கமும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவோம். முறை சொல்லாமல் ஆளைக் கூப்பிடுவது இங்கே பழக்கத்தில் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட இறங்குவதற்குள் மாமனோ அக்காவோ ஆகிவிடுவார்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட ஓர் அம்மா வருவார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை. வேலைக்கு வந்த புதிதிலேயே என் மாமியாரை "மைனி", அதாவது அண்ணி, என்று கூப்பிட்டாராம். ஏன் மைனி, ஏன் அக்கா இல்லை என்று யாருக்கும் தெரியாது. மாமியாரும் என்ன என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், அப்புறம் கணக்கு தானாக ஓடியது. மாமியார் மைனி என்றால் மாமனார் அண்ணன். என் கணவருக்கு அந்த அம்மா மாமி. அப்படியானால் எனக்குச் சித்தி முறை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பெண்களுக்குச் சேலை எடுத்தால் அவருக்கும் ஒன்று வரும். மரச்சீனிக் கிழங்கு அவித்தால் ஒரு பங்கு சம்மந்தித் துவையலோடு அங்கே போகும். கண் ஆபரேஷனுக்குக் கூடப் போய்க் கையெழுத்துப் போட்டது மாமனார். படிவத்தில் உறவு என்ற இடத்தில் "சகோதரன்" என்று எழுதினார். சொந்தக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சொந்தமா பந்தமா, எதுக்கு இந்தச் செலவெல்லாம் என்று மாமியாரிடமே கேட்டார்கள். அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மைனின்னு கூப்பிட்டா. நானும் என்னன்னு கேட்டுட்டேன். பின்ன எப்படி விட?"

அந்த அம்மா இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி யார் போடுவது என்ற பேச்சு வந்தது. சாவு வீட்டில் இது சின்ன விஷயமில்லை. கல்யாணமாகிப் போன பெண் எத்தனை வயதில் இறந்தாலும், அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். வராவிட்டால் அவளுக்குப் பின்னால் யாருமில்லை என்று ஊர் பார்த்துவிடும். அச்சன் வந்து ஜெபம் தொடங்கவிருந்த நேரத்தில் மாமனார் கடையிலிருந்து வேகமாக வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, சேலையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் கிள்ளி எடுத்தார். வெள்ளையில் ஊதாக் கரை. மாமியார் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையைப் பிடிக்க, இரண்டு பேருமாகப் பெட்டிக்கு மேலே விரித்தார்கள். "பிறந்த வீட்டுக் கோடி" என்று கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இதைப் பார்த்த பிறகு ரூத்தின் புத்தகம் எனக்கு வேறு மாதிரி வாசிக்கக் கிடைத்தது. நான்கே அதிகாரம். நகோமியின் புருஷனும் செத்தான், இரண்டு பிள்ளைகளும் செத்தார்கள். மருமகள்களுக்கும் அவளுக்கும் இனி ஒட்டு இல்லை. "என் மக்களே, நீங்கள் திரும்பிப்போங்கள்" என்கிறாள். கவனியுங்கள், உறவு முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்புகிற அந்த வாயாலேயே மக்களே என்கிறாள். ஓர்பாள் அழுதுகொண்டே திரும்பிப் போகிறாள், அவளைக் குற்றம் சொல்ல வேதம் ஒரு வார்த்தை எழுதவில்லை. ரூத் போகவில்லை. "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்." இதைக் கல்யாண அழைப்பிதழ்களில் புருஷன் பெண்டாட்டிக்கான வசனமாகப் போடுகிறார்கள். மருமகள் மாமியாருக்குச் சொன்னது என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிற்று.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ரூத் என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு முக்கியம். வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். போவாஸ் அவளைப் பார்த்து "மகளே, கேள்" என்று பேசத் தொடங்குகிறார். அந்நிய தேசத்துக்காரி, மோவாபியப் பெண், அறுப்பு நேரம், வயலெல்லாம் ஆண்கள். மகளே என்று சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. அவளைத் தொடக் கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளை கொடுத்திருக்கிறார். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்காரவைத்து வறுத்த கோதுமை கொடுக்கிறார். அவள் எழுந்து போன பிறகு, அவளுக்காக அரிகளிலிருந்து சிலதைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவைக்கிறார். ரூத்தோ வயிறு நிறைந்த பிறகு மீதியைப் பத்திரமாக வைத்திருந்து, சாயங்காலம் தட்டி அடித்த வாற்கோதுமையோடு அதையும் மாமியாரிடம் கொடுக்கிறாள். வேலை செய்த இடத்தில் கொடுத்த பலகாரத்தை வாயில் போடாமல் வீட்டுக்கு மடித்துக் கொண்டுவந்த பெண்களின் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை வேண்டாம்.

மகளே என்று கூப்பிட்டவரே பிறகு எப்படி அவளைக் கட்டிக்கொண்டார் என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் கேட்பார்கள். நம்முடைய முறைக் கணக்கில் அது ஒத்துவராது, சரிதான். அங்கே மகளே என்பது வயதில் மூத்தவர் இளையவளைப் பரிவோடு அழைப்பது, முறை குறிப்பது அல்ல. அவர் உண்மையில் யார் என்பது நகோமிக்குத் தெரியும்: அவள் புருஷனின் இனத்தான், குடும்பத்தின் நிலத்தை மீட்டுக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர். அந்தப் பொறுப்பில் அவரைவிடக் கிட்டின சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். நிலத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றவர், ரூத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்றதும், என்னால் முடியாது என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பெயரைக்கூட அந்தப் புத்தகம் எழுதிவைக்கவில்லை. கடைசியில் பிள்ளை பிறந்தபோது அயல்வீட்டுப் பெண்கள் சொன்னது இது: நகோமிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. நகோமியின் இரத்தம் அந்தப் பிள்ளையில் ஒரு துளி இல்லை. தெருவிலுள்ள பெண்கள் முறையை அறிவித்தார்கள், அது நின்றது.

இனி லூக்கா பதினைந்தாம் அதிகாரம். கெட்ட குமாரன் உவமையை எத்தனையோ தரம் கேட்டிருப்போம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இளையவன் சொத்தைப் பிரித்துக் கேட்கும்போதும் "தகப்பனே" என்றுதான் கேட்கிறான். பன்றி மேய்க்கும் வயலில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று யோசிக்கும்போதும் தகப்பனே. திரும்பி வந்து நின்றபோதும் தகப்பனே. மூத்தவன் பேசும் இடத்தில் அந்தச் சொல் இல்லவே இல்லை. "இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று மொட்டையாகத் தொடங்குகிறான். தமிழ் வேதாகமத்தில் அவன் நீர், உமக்கு என்றுதான் பேசுகிறான், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வேலை செய்தான், கட்டளையை மீறவில்லை. எல்லாம் சரியாக இருந்து, அப்பா என்ற ஒன்று மட்டும் அவன் வாயில் வரவில்லை.

தம்பியையும் அவன் தம்பி என்று சொல்வதில்லை. "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். சொத்துச் சண்டை நடக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தத் தொனி உடனே புரியும். பாகப்பிரிவினை முற்றி, ஒரே திண்ணையில் இரண்டு அண்ணன் தம்பி உட்கார்ந்திருப்பார்கள், ஒருவன் அம்மாவைப் பார்த்து "உங்க மகன்கிட்ட சொல்லி வையுங்க" என்பான். அந்த மகன் இரண்டு அடி தள்ளித்தான் இருப்பான். என் கண் முன்னால் இது நடந்திருக்கிறது, வேறு வேறு வீடுகளில். அளவுக்கல் நட்ட பிறகும் அந்தப் பேச்சு மாறாத வீடுகள் உண்டு.

உவமையில் தகப்பன் செய்வதைப் பாருங்கள். இளையவன் தயாரித்து வந்த பேச்சில் ஒரு கடைசி வாக்கியம் உண்டு, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று. அதைச் சொல்ல இடமே கொடுக்காமல் தகப்பன் வஸ்திரத்துக்கும் மோதிரத்துக்கும் பாதரட்சைக்கும் ஆள் அனுப்பிவிடுகிறான். மூத்தவன் மொட்டையாகப் பேசியதற்குக் கோபிக்காமல் "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்கிறான். அப்புறம் மூத்தவன் சொன்னதை அப்படியே எடுத்துத் திருத்திக் கொடுக்கிறான்: "உன் சகோதரனாகிய இவனோ மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்." உம்முடைய குமாரன் என்று அவன் தள்ளிவிட்டதை, உன் சகோதரன் என்று இவன் திருப்பி அவன் மடியிலேயே வைக்கிறான். மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. உறவில் இருந்து மரியாதை தனியாகப் பிரிந்து நிற்க முடியும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு இடம் வேதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் மண்ணில் இந்த விஷயத்துக்கு ஒரு கொடிய பின்கதை உண்டு. லண்டன் மிஷன் போதகர் சாமுவேல் மட்டீர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிவைத்தவற்றில் அடிமைச் சாதியாரின் பேச்சைப் பற்றியும் குறித்திருக்கிறார். எஜமான் முன்னால் அடிமை நான் என்று சொல்லக் கூடாது, அடியன் என்று சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, கரிக்காடி, அதாவது அழுக்குக் கஞ்சி, என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிப்பிட வேண்டும். ஒரு தகப்பனால் என் மகன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத நாடாக இது இருந்தது. 1855-இல் அடிமை முறை அரசாணையால் நீக்கப்பட்டது. நாடார் பெண்கள் மேலுடை போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது 1859-இல்தான், அதற்கு முன்னால் பல பத்தாண்டுக் கலகம். என் பாட்டியின் பாட்டிகள் அந்தக் காலத்துக்காரர்கள்.

அப்படிப்பட்ட ஊரில் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் வாசிக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வெறும் 25 வசனம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை எஜமானிடம் திருப்பி அனுப்பிப் பவுல் எழுதுகிறார். "கட்டப்பட்டிருக்கையில் நான் பெற்ற என் மகன்" என்கிறார். இனிமேல் அடிமையாக வேண்டாம், பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். நிருபத்தின் தொடக்கத்தில் பிலேமோனின் பெயரோடு, அவன் வீட்டிலே கூடிவரும் சபையையும் சேர்த்திருக்கிறார். அதாவது இது இரகசியக் கடிதம் இல்லை, சபை அறிய எஜமான் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு வருகிறது பணம். அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று சொல்லி, பவுலாகிய நானே என் சொந்தக் கையால் எழுதுகிறேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார். மகன் என்று சொன்னார் அல்லவா, மகன் பட்ட கடன் தகப்பன் தலையில்தானே வரும். அடிமை முறையே ஒழிய வேண்டும் என்று பவுல் எழுதவில்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் கணக்கை ஏற்றுக்கொண்ட அளவுக்குக்கூட நம் சபைகள் செய்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சகோதரர் என்று சபையில் கூப்பிடுகிறோம். ஐக்கியக் கூட்டத்தில் கை கொடுக்கிறோம். சம்பந்தம் பேச உட்காரும்போது மட்டும் எந்தக் குடும்பம், எந்த ஜாதி என்று முதல் கேள்வியாக வருகிறது. கேரளத்தில் பொய்கையில் யோஹன்னான் என்பவர், அடிமைச் சாதியில் பிறந்து கிறிஸ்தவ சபைகளில் பிரசங்கியாக இருந்தவர், சபைக்குள்ளேயே சாதி நின்றதைச் சகிக்காமல் வெளியேறி, 1909-இல் பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையைத் தொடங்கினார். அவர் பின்னால் ஜனங்கள் ஏன் போனார்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. லூக்கா பதினாறில் ஐசுவரியவான் வேதனையில் கிடந்து "தகப்பனாகிய ஆபிரகாமே" என்று கூப்பிடுகிறான். ஆபிரகாமும் "மகனே" என்றுதான் பதில் சொல்கிறார். உறவை இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறார்கள், இடையிலுள்ள பிளப்பு அப்படியே இருக்கிறது. ஏனென்றால் வாசலில் கிடந்த லாசருவை அவன் அங்கே போயும் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடவில்லை. அவனை அனுப்பும், தண்ணீர் கொண்டுவரட்டும், அவனை என் சகோதரரிடம் அனுப்பும், சொல்லட்டும் என்கிறான். பாதாளத்திலும் லாசரு அவனுக்கு ஏவல் ஆள்தான்.

சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்று அழைத்ததைக் கல்யாணப் பிரசங்கத்தில் கேட்காத பெண் எங்கள் ஊரில் இருக்க மாட்டாள். பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம், ஆறாம் வசனம். ஏழாம் வசனத்தில் புருஷருக்கு ஒரு கட்டளை இருக்கிறது: மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யுங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு. ஆதியாகமத்தில் தேவனே ஆபிரகாமிடம், சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள் என்று சொன்ன இடமும் உண்டு. மூன்றையும் சேர்த்துப் பிரசங்கம் பண்ணினால் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்காருவார்கள்.

இயேசு தம் தாயை ஸ்திரீயே என்று அழைப்பது தமிழ்க் காதுக்கு உறுத்தும். கானாவூர்க் கல்யாணத்தில் ஒருமுறை, சிலுவையில் ஒருமுறை. மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் தாயும் சகோதரரும் வெளியே நிற்க, தேவசித்தத்தின்படி செய்கிறவனே எனக்குச் சகோதரனும் சகோதரியும் தாயும் என்கிறார். பெற்ற தாயை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று இதை வாசிக்கிறவர்கள், அதே மாற்கு ஏழாம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவிட்டுக் கையை விரிக்கிறவர்களை அங்கே அவர் கடுமையாகப் பேசுகிறார். தேவனுக்குக் கொடுத்ததாகச் சொன்னாலும் தாய் தகப்பனைப் பட்டினி போட வழி இல்லை என்கிறார். சிலுவையில் "அதோ, உன் மகன்", "அதோ, உன் தாய்" என்று சொன்னதன் பலன் அதே வசனத்தில் எழுதியிருக்கிறது: அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். சாகிற நேரத்தில் அம்மாவுக்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அவர் எப்படிக் கூப்பிட்டார் என்று கேட்கிறவர்களிடம் நான் இந்த வசனத்தின் கடைசி வரியைத்தான் காட்டுவேன்.

மத்தேயு 23-இல் பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அச்சன் என்று கூப்பிடுவது தப்பா என்று பெந்தெகொஸ்தே நண்பர்கள் என்னிடம் வாதாடுவது உண்டு. நான் அதற்கு முந்தின வசனங்களைப் பார்க்கச் சொல்வேன். சுமக்க முடியாத பாரத்தை மனுஷர் தோள்மேல் வைத்துவிட்டு ஒரு விரலாலும் தொடாதவர்கள், சந்தைவெளியில் வந்தனத்தையும் ரபீ ரபீ என்ற அழைப்பையும் விரும்புகிறார்கள் என்று அங்கே இருக்கிறது. பட்டத்தை வாங்கிக்கொண்டு பாரத்தைத் தொடாதவர்கள் மேல்தான் அந்தக் கோபம். தகப்பன் என்ற பெயரை ஏற்றுக்கொள்கிறவர் தோள் கொடுக்கத் தயாராக இருந்தால், எங்கள் ஊர் வழக்கத்தில் நான் குற்றம் காணமாட்டேன்.

கடைசியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். ரோமர் பதினாறாம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று பலரும் தாண்டிப் போவார்கள். பதின்மூன்றாம் வசனத்தில் பவுல் ரூபையும் "எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்" வாழ்த்துகிறார். அவர் பவுலுக்கு என்ன செய்தார் என்று எங்கும் எழுதியில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்தாரோ, சிறையிலிருந்து வந்தவருக்குத் துணி துவைத்தாரோ, தெரியாது. இயேசுவின் சிலுவையைச் சுமந்த சிரேனே ஊரானாகிய சீமோனை, அலெக்சந்தருக்கும் ரூபுக்கும் தகப்பன் என்று மாற்கு எழுதியிருப்பதால், இவர் அந்தச் சீமோனின் மனைவியாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. போன மாதம் ஓய்வுநாள் பள்ளியில் இதை நடத்தியபோது, அவங்க பேரு என்ன டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். பைபிளில் இல்லை மக்களே, ரூபுவின் அம்மா என்றேன். அப்போ பவுலுக்கும் அம்மா என்றுதானே எழுதணும் என்று சொல்லி, தன் நோட்டில் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டாள். எங்கள் சபையின் விதவைகள் உதவிப் பட்டியல் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வருகிறது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக, இந்தச் சபையில் அவரை அம்மா என்றும் பெரியம்மா என்றும் கூப்பிடுகிறவர்கள் யார் யார் என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.